நான்காம் படித் தண்ணீர்

ஆல்வீஸே ராம்பின் தன் வாழ்நாளில் வரைந்த வெனிஸ் நகரக் காட்சிகள் அறுபதுக்கு மேல் இருக்கும். அவற்றில் ஒன்றுகூட இன்று எங்கள் ஊரில் இல்லை. வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடைத்து, வாயில் நுழையாத பெயருள்ள பிரபுக்களின் மாளிகைகளுக்கு எல்லாம் கப்பலேறிப் போய்விட்டன. ஆனால் அவனுடைய கல்யாணக் கதை மட்டும் எங்கள் சான் பார்னபா பேட்டையை விட்டு எங்கும் போகவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு ரொட்டி சுட்டவள் என் தாய். சான் ரோக்கோ திருநாளன்று, வெயில் மண்டையைப் பிளக்க, அவன் படத்துக்கு முன்னால் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவளும் அவள்தான். அவள் சொல்லிச் சொல்லி நான் கேட்டது இது.

ஆல்வீஸே நாடகக் கொட்டகையில் பிறந்தவன் என்றே சொல்லலாம். அப்பன் திரைச்சீலை எழுதுகிறவர். பிள்ளைக்கு நடக்க வரும் முன்பே வண்ணச் சட்டியைக் கவிழ்க்க வந்துவிட்டது. பத்து வயதில் தூண், பதினைந்தில் மாடம், இருபதில் ஒரு முழு அரண்மனை. அத்தனையும் துணிமேல்! திருவிழாக் காலம் முடிந்ததும் அந்த அரண்மனைகளைச் சுருட்டி மூலையில் போடுவார்கள். அடுத்த வருடம் அதன்மேலேயே வெள்ளையடித்து ஒரு காட்டையோ சிறைச்சாலையையோ எழுதச் சொல்லுவார்கள். தன் கையால் எழுதியதைத் தன் கையாலேயே அழிப்பது! ஒன்பது வருடம் அதைச் செய்தான். பத்தாவது வருடம், மெழுகுவத்திப் புகையில் கறுத்துப்போன ஒரு கோபுரத்தின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டிருந்தபோது அவன் கை நின்றுவிட்டது.

"இனிமே நெஜ ஊரைத்தான் வரைவேன். யாரும் அதுமேல வெள்ளையடிக்க முடியாது" என்று சொல்லிவிட்டுத் தூரிகையைச் சட்டியிலேயே விட்டு இறங்கிப் போனான்.

கொட்டகைக்காரர்கள் சிரித்தார்கள். நகரக் காட்சி எழுதுகிறவர்கள் ஊரில் ஏற்கெனவே தடுக்கி விழுந்தால் ஒருவர். ஆனால் ஆல்வீஸேவுக்குப் பிடிவாதம் பிடித்தால் பிடித்ததுதான்.

கொட்டகைக்குப் போய்வந்த நாட்களிலேயே அவன் நெஞ்சில் இன்னொரு படமும் எழுதப்பட்டிருந்தது. பெருங்கால்வாயைக் கடக்க அவன் தினமும் சான் கிரெகோரியோ துறைக்கு வருவான். அந்தத் துறையின் ஓடக்காரர் மெனெகோ. தோள் இரண்டும் மரக்கட்டை, நாக்கு கத்தி. அவருக்கு மதியச் சோறு, அதாவது சோளக்களியும் பொரித்த மத்தி மீனும், கொண்டு வருகிறவள் அவர் மகள் ஓர்சொலா. தாயில்லாப் பெண். கண்ணாடி மணிகளைக் கம்பியில் கோத்துக் கூலி வாங்குகிறவள். சின்ன வயதில் அப்பாவின் ஓடத்திலேயே தூங்கி அப்பாவின் ஓடத்திலேயே வளர்ந்தவள். மத்தி மீன் வாசனையோடு அவள் படியிறங்கி வரும்போது ஆல்வீஸே மூன்று ஓடங்களைத் தவறவிட்டு நான்காவதில் ஏறுவான்.

"என்ன தம்பி, அக்கரைக்குப் போகணுமா, இல்ல இங்கயே கம்பம் நட்டுத் தரவா, கட்டிப் போட?" என்று மெனெகோ கேட்பார்.

"நீங்க எப்பப் புறப்பட்டாலும் சரிதான், மாமா."

"யாருடா உனக்கு மாமா? ஏறு!"

ஓர்சொலா தலையைக் குனிந்துகொள்வாள். சிரிப்பை மறைக்கத்தான்.

தன் முதல் பெரிய படத்துக்கு ஆல்வீஸே எடுத்துக்கொண்ட இடமும் அந்தத் துறைதான். ஒரு பக்கம் சலூத்தே மாதா கோயிலும் அதன் படிகளும், எதிரே மாளிகைகளின் வரிசை, நடுவே பெருங்கால்வாய் கடலை நோக்கி வாய் திறக்கும் இடம். ஒரு சிறு படகை இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிக்கொண்டு, காட்சியைக் கண்ணாடி வழியே காகிதத்தில் விழவைக்கும் இருட்டுப் பெட்டிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு வரைந்தான். தினமும் காலை மணி அடித்ததும் உட்காருவான், ஒரு மணி நேரம் கழித்து எழுந்துவிடுவான். வெளிச்சம் மாறக்கூடாதே! கொட்டகையில் வளர்ந்தவனுக்கு வெளிச்சம்தான் எல்லாம்.

ஆகஸ்டு பதினாறு, சான் ரோக்கோ திருநாள். எங்கள் ஊர் ஓவியர்கள் எல்லாரும் அன்று கோயில் சதுக்கத்தின் சுவர்களில் தங்கள் படங்களை மாட்டுவார்கள். ஊர்த் தலைவர் பரிவாரத்தோடு வந்து, பூச்செண்டு வாங்கிக்கொண்டு போன பிறகு சதுக்கம் எங்களுக்குத்தான். மீன்காரியிலிருந்து வக்கீல் வரைக்கும் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்லாமல் வீடு திரும்புவதில்லை.

ஆல்வீஸேயின் படத்துக்கு முன்னால் நல்ல கூட்டம். வெளிச்சத்தைப் பார், வானத்தைப் பார் என்று ஒரே பேச்சு. அவன் மாமனாராக வரவேண்டியவரையும் கையைப் பிடித்து அழைத்து வந்து நிறுத்தினான். இன்றைக்குப் பெண் கேட்டுவிடுவது என்று முடிவு.

மெனெகோ படத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு! சதுக்கமே திரும்பிப் பார்க்கும் சிரிப்பு!

"டேய் தம்பி! இந்தப் பக்கம் சலூத்தேயில ஆறு படி தெரியுது, அத்தனையிலயும் பாசி. தண்ணி வத்திக் கிடக்கு. எதிர்த்தாப்புல பாரு, மாளிகை வாசப்படிக்குள்ள தண்ணி போவுது. நட்ட நடுவுல ஒரே கால்வாய்! இந்தப் பக்கம் இருக்கறவன் பாசியில வழுக்கி விழுவான், அந்தப் பக்கம் இருக்கறவன் கட்டில்ல மிதப்பான்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மீன்காரி ஒருத்தி, "பாதி ஊருக்கு ஓடம் வேணும், பாதி ஊருக்கு ஊன்றுகோல் வேணும்!" என்று கூவினாள்.

ஆல்வீஸேவுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. தினமும் அதே நேரம்தான் உட்கார்ந்தான். ஆனால் கடல் அதே நேரத்துக்கு ஏறுவதில்லையே! இன்றைக்குக் காலை மணியின்போது ஏறிநின்ற தண்ணீர், அடுத்த வாரம் அதே மணிக்கு வற்றிக் கிடக்கும். வெளிச்சத்தைக் காத்தவன் தண்ணீரைக் கோட்டைவிட்டான். இந்த ஊரில் பிறந்தவன், இந்தத் தண்ணீரில் நின்றுகொண்டே!

ஆனாலும் அவன் படத்தைக் கழற்றிக்கொண்டு ஓடவில்லை. அங்கேயே, அத்தனை சிரிப்புக்கும் நடுவே கேட்டான்.

"மாமா, உங்க பொண்ணை எனக்குக் கட்டிக் குடுங்க."

சிரிப்பு நின்றது. மெனெகோவின் முகத்திலும்தான்.

"தண்ணி எப்ப ஏறும், எப்ப எறங்கும்னு தெரியாதவன் படகுல என் பொண்ணை ஏத்தச் சொல்றியா? கேளு. அடுத்த சான் ரோக்கோவுக்கு இதே இடத்தை வரைஞ்சு மாட்டு. தண்ணியில ஒரு தப்பு இல்லாம இருக்கட்டும், அன்னிக்கே தரேன். தப்பு இருந்துச்சுன்னா, கப்பல் பட்டறையில தார் பூசற பியெரோ கேட்டுக்கிட்டிருக்கான். அவனுக்குப் பெண்டாட்டி செத்து ரெண்டு வருஷம் ஆவுது. அதுவரைக்கும் நீ அவகூட ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"சரி" என்றான் ஆல்வீஸே. அந்த ஒரே சொல்.

ஓர்சொலாவை யாரும் கேட்கவில்லை. அவள் கையிலிருந்த மணிச்சரத்தில் கம்பி அறுந்து, நீல மணிகள் சதுக்கத்துக் கல்லில் சிதறி ஓடின. குனிந்து பொறுக்கிய என் தாய் அவள் கண்களைப் பார்த்தாளாம். "அழல. கோவமா இருந்தா" என்பாள்.

அந்த ஒரு வருடம்! மாதா கோயில் படிகளில் கீழிருந்து நான்காவதை ஆல்வீஸே தன் அளவுகோலாக வைத்துக்கொண்டான். தண்ணீர் ஏறிவந்து அந்தப் படியின் விளிம்பைத் தொடும் நேரம் மட்டுமே அவன் வரையும் நேரம். அது ஒரு நாள் விடியலில் வரும், ஒரு நாள் உச்சிவெயிலில் வரும். சில நாள் வரவே வராது, மூன்றாம் படியோடு திரும்பிவிடும். வந்தாலும் கால் மணி நேரம்தான். அதற்குள் நான்கு சன்னல், ஒரு பாதி வாசல். வெளிச்சத்தை வேறொரு காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டான். குளிர்காலத்தில் விரல் விறைத்து, கரித்துண்டு நழுவித் தண்ணீரில் விழும். வாயால் ஊதிக்கொண்டு அடுத்ததை எடுப்பான்.

கால்வாயின் மறுகரையில், மணி கோக்கும் கூடையோடு ஓர்சொலா உட்கார்ந்திருப்பாள். ஒரு வருடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மழை பெய்தால் அவள் எழுந்து உள்ளே போகமாட்டாள். அவன் நனைகிறபோது அவளும் நனைவாள். பார்த்தவர்கள் சொன்னார்கள், அப்பாவிடமும் சொன்னார்கள். "நனையக்கூடாதுன்னு நான் ஒண்ணும் சொல்லலியே" என்றாராம் மெனெகோ.

மார்ச்சு மாதம் வந்தபோது படத்தின் இடது பக்கம் மட்டும்தான் முடிந்திருந்தது. இந்த வேகத்தில் போனால் சான் ரோக்கோ தாண்டிவிடும். அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. தண்ணீர் ஏறும்போது ஒரு தடவை நான்காம் படியைத் தொடுகிறது. இறங்கும்போது இன்னொரு தடவை அதே படியைத் தொடுகிறது. படி ஒன்றுதானே! அளவு ஒன்றுதானே! ஒரு நாளைக்கு இரண்டு தடவை உட்காரலாமே! துள்ளிக் குதித்தான். அதன்பின் வேலை இரண்டு மடங்கு வேகத்தில் நடந்தது. வலது பக்கத்தை ஜூலையில் முடித்தான். அதன் முன்புறத்தில், கம்பத்தில் கட்டிய ஒரு சரக்குப் படகு, நிறைய தர்ப்பூசணி, ஒன்று இரண்டாகப் பிளந்து சிவப்புத் தெரிய. கொட்டகையில் கற்ற வித்தை முழுவதையும் அந்தப் படகில் இறக்கினான்.

அதே வருடத்தில்தான் மெனெகோவின் கண்ணும் போனது. நாற்பது வருடம் தண்ணீரின் மினுமினுப்பைப் பார்த்த கண். முதலில் புகை, பிறகு பால், பிறகு ஒன்றுமில்லை. ஒரு நாள் துறையைத் தவறவிட்டு ஓடத்தின் மூக்கைக் கல்லில் மோதி உடைத்தார். துடுப்பை அக்கா மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார்.

சான் ரோக்கோ வந்தது. ஊர்த் தலைவரும் பூச்செண்டுக்காரர்களும் போனார்கள். ஓர்சொலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெனெகோ சதுக்கத்துக்குள் நுழைந்தபோது கூட்டம் விலகி வழி விட்டது. போன வருடம் சிரித்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். தார் பூசும் பியெரோவும், தலையை வாரிக்கொண்டு.

படத்துக்குப் பக்கத்தில் ஆல்வீஸே நின்றான். மெலிந்து, கறுத்து, ஆனால் நிமிர்ந்து. அவனுக்குப் பக்கத்தில் ஸ்கால்வி என்ற தரகர், ஓர் ஆங்கிலப் பிரபுவுக்காகப் படம் வாங்குகிறவர். காலையிலிருந்தே அந்தத் தர்ப்பூசணிப் படகைவிட்டு அவர் கண் நகரவில்லை.

"எனக்குக் கண்ணு இல்ல" என்றார் மெனெகோ. "ஆனா வாக்கு வாக்குதான். என் பொண்ணு என் ஓடத்துல வளர்ந்தவ. அவ பார்த்துச் சொல்லட்டும், நான் கேக்கறேன். ஓர்சொலா, சலூத்தேயில எத்தன படி?"

யாருடைய வாழ்க்கை அந்தச் சுவரில் தொங்குகிறதோ, அவளையே நீதிபதியாக நிறுத்திவிட்டார் கிழவர்! ஓர்சொலா படத்துக்கு முன்னால் வந்தாள். ஒரு வருடமாக மறுகரையிலிருந்து அவனைப் பார்த்தவள் இப்போதுதான் படத்தைக் காண்கிறாள்.

"மூணு படி முங்கியிருக்குப்பா. நாலாவதை நக்கிக்கிட்டு இருக்கு."

"எதிர்த்தாப்புல மாளிகை வாசல்?"

"ஒரு சாண் வெளிய தெரியுது."

"சரியா இருக்கு. கம்பத்துல பாசி?"

"முழங்கை அளவுக்கு, தண்ணிக்கு மேல."

"ம். எடது பக்கம் கட்டியிருக்கற படகு?"

"ரெண்டு இருக்குப்பா. மூக்கைக் கட்டியிருக்கு. வாலு ரெண்டும் கால்வாய்க்கு உள்ள திரும்பியிருக்கு."

"அப்ப கடல் உள்ள வருது. தண்ணி ஏறுது" என்று கிழவர் தலையை ஆட்டினார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. "பய பரவாயில்ல. வலது பக்கம் படகு இருக்கா?"

"தர்ப்பூசணிப் படகு இருக்குது பெரியவரே! நாக்குல எச்சி ஊறுது!" என்றாள் மீன்காரி.

"உன்னைக் கேக்கலடி. ஓர்சொலா, அதுக்கு வாலு எந்தப் பக்கம்?"

ஓர்சொலா வலது மூலைக்கு நகர்ந்து குனிந்தாள்.

அவள் பார்த்துவிட்டாள். அந்தப் படகின் மூக்கும் கம்பத்தில்தான் கட்டியிருந்தது. ஆனால் வால் கடலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. தண்ணீர் இறங்கும்போது மட்டும்தான் படகு அப்படித் திரும்பும்! அளவு ஒன்றாக இருந்தது, ஓட்டம் வேறாக இருந்தது. இடது பக்கத்தில் கடல் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. வலது பக்கத்தில் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

'உள்ள' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அப்பாவுக்குத் தெரியாது. கூட்டத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு வருட மழையும் வெயிலும் முடிந்துவிடும். ஆல்வீஸேயைப் பார்த்தாள். பாவி, ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தான்!

"ஓர்சொலா?"

"கடல் பக்கம்ப்பா" என்றாள். "வாலு கடல் பக்கம் இருக்கு."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. மெனெகோவின் முகம் இருண்டது. பியெரோ தலையை இன்னொரு தடவை தடவிக்கொண்டான்.

ஆல்வீஸே படத்தின் பக்கம் திரும்பினான். புரிந்தபோது அவன் உதடு வெளுத்தது. "எறங்கற தண்ணியில வரைஞ்சேன்" என்றான் மெதுவாக. "படி ஒண்ணுதானேன்னு நெனச்சேன்."

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று தரகர் ஸ்கால்வி குறுக்கே பாய்ந்தார். "என் பிரபு ஊர்ல படகோட வாலை யாரு பார்க்கப்போறா? நாப்பது பொற்காசு, இப்பவே தரேன். அந்தத் தர்ப்பூசணிக்காகவே தரேன். கழட்டுங்க படத்தை!"

நாற்பது பொற்காசு! அவன் அதுவரை வாழ்க்கையில் சேர்த்துப் பார்க்காத தொகை. ஆல்வீஸே இடுப்பிலிருந்து வண்ணம் சுரண்டும் கத்தியை எடுத்தான்.

"ஐயோ, என்ன பண்றீங்க!" என்று தரகர் அலறினார்.

சுரண்டினான். சிவந்த தர்ப்பூசணி முதலில் போனது. பிறகு படகின் வால், மூக்கு, கயிறு. ஒரு மாதம் உயிரைக் கொடுத்து எழுதியதை நூறு பேர் பார்க்க அழித்தான். வண்ணம் சுருள் சுருளாகக் கல்லில் விழுந்தது. என் தாய் கண்ணை மூடிக்கொண்டாளாம்.

"என்னடா சத்தம் அது?" என்றார் மெனெகோ.

"படகை எடுக்கறேன், மாமா."

கடைசியில் வலது மூலையில் வெறும் துணிதான் மிஞ்சியது. தரகர் தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு, "பைத்தியக்கார ஊர்!" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

ஆல்வீஸேவுக்கு மூச்சு வாங்கியது. "இப்பக் கேளுங்க, மாமா."

மெனெகோ கையை நீட்டி முன்னால் வந்தார். துழாவினார். சொரசொரப்பான வெறும் துணியில் விரல் பட்டதும் நின்றார். "ஓர்சொலா, இங்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லப்பா."

"தண்ணி?"

"தண்ணியே இல்ல. அப்பறம் அதுல தப்பு எங்கிருந்து வரும்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிழவர் சிரிக்கவில்லை. "ஓட்டையைக் காட்டி எங்கிட்டயே வியாபாரம் பண்றானா? கெடு இன்னியோட முடியுது. முடிஞ்ச படத்தைத்தான் நான் கேட்டேன்."

அப்போது ஓர்சொலா பேசினாள். அந்த ஒரு வருடத்துப் பேச்சும் ஒன்றாக வந்தது.

"முடிஞ்ச படத்தை நீ கேக்கலப்பா. தப்பு இல்லாத தண்ணியைக் கேட்ட. நல்லா நெனச்சுப் பாரு, இங்க எல்லாரும் சாட்சி. நான் 'உள்ள'ன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா இந்நேரம் எனக்குக் கல்யாணம். உனக்குக் கண்ணு இல்லன்னு நான் உன்னை ஏமாத்தல. அவரும் ஏமாத்தல. நாப்பது பொற்காசைச் சுரண்டிக் கீழ போட்டுட்டு நிக்கறாரு. இப்ப நீ எங்களை ஏமாத்தப் போறியா?"

மெனெகோவின் பால் பூத்த கண்கள் எங்கேயோ பார்த்தன. தாடை ஆடியது. அழுகையா கோபமா என்று யாருக்கும் தெரியவில்லை.

"பியெரோ இருக்கியா?" என்றார் கடைசியில்.

"இருக்கேன் பெரியவரே!"

"வீட்டுக்குப் போப்பா. வெயிலா இருக்கு."

மீன்காரி போட்ட கூச்சலில் கோயில் புறாக்கள் எல்லாம் எழும்பிவிட்டன. கிழவர் ஆல்வீஸேயின் சட்டையைத் துழாவிப் பிடித்து அருகே இழுத்தார். "அந்த ஓட்டையை எப்படா அடைப்ப?"

"ஏத்தத் தண்ணியிலதான் மாமா. எத்தன நாளானாலும்."

"தர்ப்பூசணி சீசன் முடியப்போவுது."

"எது வருதோ அதை வரையறேன்."

சாயங்காலம் வரை ஓட்டையோடே அந்தப் படம் தொங்கியது. செப்டம்பரில் கல்யாணம். அதற்குள் தர்ப்பூசணிப் படகுகள் நின்றுபோய், கியோஜ்ஜாவிலிருந்து பூசணிக்காய்ப் படகுகள் வரத் தொடங்கியிருந்தன. ஆல்வீஸே பூசணிக்காயைத்தான் வரைந்தான். பச்சையும் சாம்பலுமாக, கரடுமுரடாக, யாருக்கும் நாக்கில் எச்சில் ஊறாதபடி. பிளந்த பழத்தின் சிவப்பை நினைவிலிருந்து போட்டால் படம் இன்னும் விலைபோகும் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். கேட்கவில்லை. அந்தப் படம் இரண்டு வருடம் கழித்துத்தான் விற்றது, அதுவும் பாதி விலைக்கு.

அதன்பின் முப்பத்தொரு வருடம் அவன் இந்த ஊரின் தண்ணீரை வரைந்தான். அவனைவிடப் பெரிய பெயர் எடுத்தவர்கள் இருந்தார்கள், அவனைவிட வேகமாக எழுதிக் குவித்தவர்களும் இருந்தார்கள். அவன் வருடத்துக்கு இரண்டே படம். துடுப்பு ஓர்சொலாவின் கையில். மெனெகோ உயிரோடிருந்த ஆறு வருடமும் படகின் மூக்கில் உட்கார்ந்து, கையைத் தண்ணீரில் விட்டு, ஓட்டம் எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டே வருவார்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை, பேட்டையே விருந்துக் களைப்பில் தூங்கியது. அடுப்பு மூட்ட எழுந்த என் தாயின் காதில் சன்னல் வழியே விழுந்ததாம்.

"எழுந்திருங்க" என்று ஓர்சொலா புருஷனை உலுக்கினாள்.

"இன்னிக்குக்கூடவா? நேத்துத்தான கல்யாணம் ஆச்சு!"

"கல்யாணம் நமக்குத்தான், கடலுக்கு இல்ல. மூணாம் படியைத் தாண்டிருச்சு. பெட்டியை எடுங்க, நான் கயிறை அவுக்கறேன்."